மீன் குளத்துக்குச் செம்பு ஆகாது

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் செம்புக்கும் பித்தளைக்கும் உள்ள மரியாதை வேறெந்த உலோகத்துக்கும் கிடையாது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் சுவாமிமலை விக்கிரகங்களும் பிறக்கிற பூமியில், செம்பைக் குறைத்து ஒரு வார்த்தை பேசுகிறவன் அதிகப்பிரசங்கி என்றே கருதப்படுவான். ஆயினும், கொல்லையில் மீன் வளர்ப்பதற்காகக் குளம் அமைக்கிறவர்கள், நீர் விழும் வாய்க்கோ குழாய்க்கோ அலங்காரத்துக்கோ, செம்பையும் அதன் கலப்பில் உருவான பித்தளை, வெண்கலம் முதலியவற்றையும் அருகில் அண்டவிடலாகாது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். அதைச் சொல்லும் உரிமையை மிகுந்த விலை கொடுத்தே பெற்றிருக்கிறேன்.

எங்கள் கொல்லையில் கிணற்றடிக்கும் பவழமல்லிக்கும் இடைப்பட்ட நிலத்தில் பள்ளம் வெட்டி, பண்ணைக் குட்டைகளுக்குப் போடும் கனமான பாலித்தீன் விரிப்பைப் பரப்பி, ஓரத்தில் கருங்கல் அடுக்கி, தங்கமீன்களும் வண்ணக் கெண்டைகளும் விட்டு, சிறு மோட்டாரால் நீரை மேலேற்றி மறுபடி குளத்திலேயே விழச் செய்வது என்று தீர்மானமானபோது, நீர் விழும் வாயும் கருங்கல்லிலேயே இருக்கட்டும் என்றுதான் நான் சொன்னேன். என் சின்ன மாமனார் சம்மதிக்கவில்லை. "நாம காலங்காலமா செம்புத் தண்ணிதானே குடிக்கிறோம், மாப்பிள்ளே! மனுஷனுக்கு நல்லது மீனுக்கு ஆகாமப் போயிடுமா?" என்று அவர் கேட்க, பாத்திரக்கடைக்காரரும் குளம் அமைக்க ஒப்புக்கொண்ட கான்டிராக்டரும் அதை ஆமோதிக்க, கனத்த செம்புத் தகட்டில் பசுவின் முகமாக அடித்துச் செய்த ஒரு கோமுகம் வந்து உட்கார்ந்தது. பெரியவர் ஆசையாக வாங்கி வந்த பொருளை வேண்டாமென்று திருப்பியனுப்ப எந்த மருமகனால் முடியும்?

முதலில் மடிந்தவை நத்தைகள். கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தவை பிடி தளர்ந்து அடியில் உதிர்ந்து கிடந்தன. பிறகு மீன்கள் தீனிக்கு வருவதை நிறுத்தின. செவுள்களின்மேல் வெண்மையான கோழை படர, நீர்மட்டத்தில் வாய் வைத்து மூச்சுக்குத் தவித்தன. பிராணவாயு போதவில்லை என்று கான்டிராக்டர் தீர்ப்புச் சொல்லி, மோட்டாரை இரவும் பகலும் ஓடவிடச் சொன்னார். அந்த ஒரு யோசனைதான் எஞ்சியிருந்தவற்றையும் கொண்டுபோயிற்று. ஏனெனில், நீர் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாகச் சுழன்றதோ, அவ்வளவுக்கவ்வளவு அதிகமாகச் செம்பின்மேல் உராய்ந்து அதைக் கரைத்து எடுத்து வந்தது. கோமுகத்தின் கீழிருந்த கல்லில், நீர் வழிந்த தடம் முழுவதும் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமையாகச் சொல்லும் அந்தக் களிம்புதான் அது. அதைச் சுட்டிக்காட்டியபோது, கல்லுக்கு அழகாகத்தானே இருக்கிறது என்றார் அதே மனிதர்.

பெரியவரின் கேள்விக்கு விடை உண்டு. மனிதர் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நமக்கு இரைப்பையும் கல்லீரலும் இருக்கின்றன. மிகுதியான செம்பை அவை கவனித்து வெளியேற்றிவிடும். நன்னீர் மீனோ, தன் உடம்புக்கு வேண்டிய உப்பைச் செவுள் வழியாகவே நீரிலிருந்து கவர்ந்துகொள்வது. கரைந்த செம்பு அந்தச் செவுளில் போய்ப் பற்றிக்கொண்டால், உப்பு உள்ளே வருவது தடைப்பட்டு, உள்ளே இருப்பதும் கசிந்து போய்விடுகிறது. நமக்கு விதித்த அளவில் பத்தில் ஒரு பங்கு கூட, உப்புச்சத்துக் குறைந்த மென்னீரில் வாழும் பல மீன்களுக்கு மரண அளவுதான். எங்கள் குளத்து நீரோ மாடியிலிருந்து இறக்கிய மழைநீர். 2003இல் சட்டம் வந்ததிலிருந்து மழைநீர்த் தொட்டி இல்லாத வீடு ஏது? உங்கள் வீட்டிலும் அதைத்தான் குளத்துக்குத் திருப்புவீர்கள். கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து மீனின் செவுளுக்கு ஓரளவு கவசமாக நிற்கும். மழைநீரில் அந்தக் கவசம் இல்லை என்பதோடு, சற்றே அமிலத்தன்மை கொண்டதாகையால் உலோகத்தையும் அது விரைவில் அரிக்கும்.

சம்பிரதாயம் என்று பேசினார்களே, அதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் தாராசுரம் இருக்கிறது; 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜன் எடுப்பித்த கோயில். சற்று எட்டப் போனால் 1010இல் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயில். கருவறையின் அபிஷேக நீர் வெளியே விழும் வாயைச் சோழர்கள் எதில் செய்தார்கள்? கல்லில் செய்தார்கள். தெய்வத் திருமேனிகளை உலோகத்தில் வார்ப்பதில் உலகமே வியக்கும் நிபுணத்துவம் பெற்றிருந்த அவர்கள், நீர் விழும் வாய்க்குக் கருங்கல்லையே தேர்ந்தார்கள். நான் கேட்டதும் அதைத்தான்.

கோமுகத்தைக் கழற்றி, அதோடு கான்டிராக்டர் சொல்லாமலே பொருத்தியிருந்த பித்தளை வால்வையும் எடுத்துவிட்டு, நீரை முழுவதும் இறைத்து, அடியில் படிந்த வண்டலை வழித்தெறிந்து, கற்களைத் தேய்த்துக் கழுவி, பாதி கிணற்று நீரும் பாதி மழைநீருமாக நிரப்பினேன். வண்டலை விட்டுவைக்காதீர்கள், கரைந்த செம்பில் பெரும்பகுதி அங்கேதான் போய்த் தங்கும். இப்போது நீர் விழுவது, உளி வேலை தெரிந்த ஒரு ஸ்தபதி செதுக்கிய கருங்கல் வாயிலிருந்து.

மற்றப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழாய்க்குக் கறுப்புப் பாலித்தீனோ பி.வி.சி.யோ போதும், நாகப்பூச்சுப் பூசிய இரும்பு வேண்டாம், நாகமும் மீனுக்குச் சத்துருதான். உலோகம் இல்லாமல் தீராத இடத்தில் துருப்பிடிக்காத எஃகு. இடுக்கு அடைக்கும் சிலிக்கோனில், குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்து விற்பதைத் தொடாதீர்கள். கல் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்: கடப்பைக் கல் கறுப்பாக இருந்தாலும் ஜாதியில் சுண்ணாம்புக் கல்லே, கழிவறை கழுவும் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். அதனால் மீன் செத்துவிடாது, ஆனால் மழைநீரில் கல்லின் பளபளப்பு நிலைக்காது.

சிமெண்டுத் தொட்டிதான் வேண்டும் என்பவர்கள் பொறுமையையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். புதுச் சிமெண்டு சுண்ணாம்பைக் கக்கும். நீர் நிரப்பி, வாழைத்தண்டுகளை நறுக்கிப் போட்டு ஊறவைத்து, கொட்டி, மறுபடி நிரப்பி, பி.எச். அளவு எட்டரைக்குக் கீழே வந்து நிலைக்கும்வரை மீன் விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில், பி.எச். 7 ஆக இருக்கையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே விஷ வடிவில் இருக்கும். 25 பாகை வெப்பமுள்ள நீரில் பி.எச். 9க்கு ஏறினால் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடும். "மறுநாளே விடலாம் சார்" என்று சொல்லும் கொத்தனாரின் பேச்சைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் அத்தனை மீனையும் இழந்தார்.

பாசி பிடிக்கிறது என்று சொன்னால், மயில்துத்தம் போட்டால் போய்விடும் என்பார்கள். அதுவும் செம்பின் உப்புத்தான். கோமுகம் மெல்லச் செய்ததை அது ஒரே இரவில் செய்து முடிக்கும். அந்தப் பொட்டலத்தோடு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்புங்கள். அல்லியை வளர்த்து நீர்ப்பரப்பில் பாதியை இலையால் மூடச் செய்து, தீனியையும் குறைத்தால் பாசி தானே மட்டுப்படும்.