முட்டை மிதந்தால் மட்டும் போதாது

அன்புள்ள கயல்,

அடர்த்திப் பாடத்தை ஸ்மார்ட் போர்டில் வீடியோவாகப் போட்டுவிடலாமா, முட்டையும் உப்பும் கொண்டுபோய்ப் பிள்ளைகளையே செய்யவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வகுப்பு உன்னுடையது, முடிவும் உன்னுடையதுதான். ஆனால் நீயே இப்படிக் கேட்கும் அளவுக்குச் சோர்ந்துபோனாயே என்பதுதான் எனக்குக் கவலை. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பழைய பேங்க் வேலைப் பேச்சு மறுபடி கிளம்பும்.

வீடியோவில் முட்டை தவறாமல் மிதக்கும். அதன் குறையே அதுதான். கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகள் வருகிறார்கள். முட்டை மிதப்பதைப் பார்ப்பதால் அது அசையாது. உப்புத் தண்ணீருக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்ற இன்னொரு எண்ணம் கூடச் சேரும். அந்த முதல் எண்ணத்தை அசைக்க ஓர் உருளைக்கிழங்கு போதும். முழுக்கிழங்கு தண்ணீரில் மூழ்கும். சுண்டுவிரல் நுனியளவு நறுக்கிப் போட்டால் என்ன ஆகும் என்று, போடுவதற்கு முன்பே நோட்டில் எழுதச் சொல். துண்டும் மூழ்கும். ஆரஞ்சு இதற்கு நேர்மாறு: தோலோடு மிதக்கும், உரித்தால் எடை குறைந்தும் பெரும்பாலும் மூழ்கிவிடும், தோலின் வெள்ளைப் பஞ்சில் இருந்த காற்று போய்விடுவதால். எடை எவ்வளவு இடத்தில் அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என அவர்களே சொல்லும்வரை நீ வாயைத் திறக்காதே.

பிறகுதான் உப்பு. 200 மில்லி தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, அதில் 100 மில்லியை அளந்து தராசில் வைக்கட்டும். வெறும் தண்ணீர் 100 கிராம், இது 110 கிராமையொட்டிக் காட்டும். தராசு இல்லாத அடர்த்திப் பாடம் வெறும் வித்தை என்பேன். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்பது உனக்குத் தெரியும். 'ஓரலகு பருமனில் உள்ள நிறை' என்று ஒப்பிக்கவைத்து இரண்டு மார்க் போடும் வழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இந்த வயதிலும் ஆறவில்லை. அந்த வாக்கியத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்கு நிறை எது, பருமன் எது என்று கையால் தெரியாது.

வீடியோவையும் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாமே என்பாய். கேட்கலாம். ஆனால் உப்பைச் சரியாகக் கலக்காத டம்ளரில் முட்டை அடிக்கும் போகாமல் மேலேயும் வராமல் நடுவில் நிற்கும். கீழே உப்பு மிகுந்த நீர், மேலே குறைந்த நீர். எந்த வீடியோவும் தவறிப்போய் அதைக் காட்டாது. நாற்பது பேர், ஒரு பீரியட், போர்ஷன் முடியாது என்பது நியாயமான பேச்சுதான். ஐந்து பேருக்கு ஒரு டம்ளர், வகுப்புக்கே ஒரு தராசு என்றால் முடியும். முட்டையைத் தொடத் தயங்கும் பிள்ளைக்குக் கிழங்கு கொடு, அதுவும் உப்புநீரில் மிதக்கும். பச்சை முட்டை தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இதெல்லாம் விளையாட்டு என்று யாராவது சொன்னால், விதைநெல் தேர்வைக் காட்டு. முட்டை மிதந்து காசளவு மேலே தெரியும்வரை உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளி எறிந்து, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் அலசி எடுப்பது வேளாண்மைத் துறையே பரிந்துரைக்கும் முறை.

கடிந்துகொள்கிறேன் என்று நினைக்காதே கண்ணு. நம் வீட்டில் உன்னளவு பொறுமை யாருக்கும் கிடையாது. வீடியோவே போட்டாலும் அந்தப் பிள்ளைகளுக்கு உன்னைப்போல் டீச்சர் கிடைக்கமாட்டார்கள். தராசுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா