பழைய ஜீப்புக்குத் துணிக் கதவு



நம் டிரஸ்டின் பழைய மஹிந்திரா ஜீப்பை எல்லோரும் அறிவீர்கள். நோன்புக் கஞ்சி அண்டா ஏறுவதும் அதில்தான், நோயாளிகளைத் திருப்பூருக்கு அழைத்துப் போவதும் அதில்தான். சென்ற ஐப்பசி மழையில், டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு பெரியவர் முழுக்க நனைந்து நடுங்கியபடி வீடு சேர்ந்தார். வண்டிக்குக் கதவு இல்லாமல் இல்லை. ரெடிமேடாக வாங்கி மாட்டிய துணிக் கதவு, முன்பக்கம் நான்கு விரல் இடைவெளி விட்டு நின்றது. அதனால் நாமே தைத்தோம். தையல் தெரிந்த நம் வீடுகளுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

இந்த வண்டி கதவில்லாமல் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்பில் இரும்புக் கதவே கிடையாது. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பெனி 1945-இல் தொடங்கியபோது பெயர் 'மஹிந்திரா அண்ட் முகம்மது'. பங்குதாரர் குலாம் முகம்மது பிரிவினையின்போது பாகிஸ்தான் சென்று அங்கே முதல் நிதியமைச்சரானார். 1948-இல் கம்பெனிக்கு இப்போதுள்ள பெயர் வந்தது.

வேலைக்கு வருவோம். முதலில் கதவின் ஓரம் முழுக்கக் கம்பியை வளைத்துச் சட்டம் செய்து, கீலில் மாட்ட வேண்டும். கண்ணாடியை நிமிர்த்தி, மேல் படுதாவை இழுத்துக் கட்டிய பிறகே பேட்டர்ன் எடுக்க வேண்டும். படுதா தளர்வாக இருக்கும்போது எடுத்த அளவு, கட்டியபின் பொருந்தாது. கட்டிங் டேபிளில் விரிக்கும் பேப்பரையே சட்டத்தின்மேல் ஒட்டி வரையலாம்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். இடதுபக்கம் மட்டும் அளந்து, பேட்டர்னைத் திருப்பிப் போட்டு வலதுபக்கமும் வெட்டச் சொன்னேன். பழைய வண்டி எங்கோ இடித்து, தட்டி நிமிர்த்தி, வெல்டு வைத்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்குமா? வலது கதவு முக்கால் அங்குலம் குறைந்துபோனது. பொதுப் பணத்தில் வாங்கிய துணி என்பதால் அந்தத் தொகையை நானே கட்டினேன்.

நம் டெய்லர்கள் பனியன் துணியில் கை பழகியவர்கள். பனியன் துணி இழுத்தால் கொடுக்கும், கால் அங்குலப் பிழையை விழுங்கிவிடும். கான்வாஸ் விழுங்காது. பருத்திக் கான்வாஸ் சுருங்கவும் செய்யும், நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். ஓவர்லாக் இதற்கு ஆகாது. சிங்கிள் நீடில் மெஷினில் 18-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், இரட்டைத் தையல். பருத்தி நூல் மழையில் இற்றுவிடும்.

ஜன்னலுக்கான பிளாஸ்டிக் ஷீட்டில் குண்டூசி குத்தாதீர்கள், அந்த ஓட்டை மூடாது. கிளிப் போதும். தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை போல அந்த வரியிலேயே கிழியும், 4 மி.மீ. இடைவெளி வையுங்கள். ஷீட் மெஷின் பாதத்தில் ஒட்டினால் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடலாம். ஷீட்டை முழுத் துணியின்மேல் தைத்து முடித்த பின்னரே ஜன்னல் அளவுக்குத் துணியை வெட்டி எடுக்க வேண்டும். முன்பே வெட்டினால் துணி கோணிக்கொள்ளும். ஓட்டுநருக்குப் பக்கக் கண்ணாடி தெரிகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு ஜன்னலைக் குறியுங்கள்.

ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறியிருப்பதுபோலத்தான் மடிப்புகளும். கீழ் ஓரத்தில் இரண்டு அங்குலத் துணி பாடிக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே விட்டால் தண்ணீர் சீட்டுக்கு வரும்.

ஷீட்டை மடிக்காமல் சுருட்டி வையுங்கள். பெட்ரோல், தின்னர் பட்டால் மங்கிவிடும். இன்னொன்று, இது மழைக்கான கதவு, ஆளைத் தாங்காது. குழந்தைகளை அதில் சாயவிடாதீர்கள். நாங்கள் குறுக்கே ஒரு பெல்ட்டும் போட்டிருக்கிறோம்.

பெரியவர் இப்போது வாரம் இருமுறை அதே வண்டியில்தான் போய்வருகிறார். பேட்டர்ன் இரண்டும் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கின்றன, வந்து பார்க்கலாம். அதை வைத்து வேறு ஜீப்புக்கு மட்டும் வெட்டிவிடாதீர்கள்.