200 வாட்ஸ் வாங்கலாமா?

கேள்வி: என் 50 வாட்ஸ் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் சத்தம் கூட்டினால் கரகரக்கிறது. 200 வாட்ஸ் வாங்கினால் சத்தம் நாலு மடங்காகுமா?
- வாசகர், நெய்வேலி டவுன்ஷிப்

பதில்: ஆகாது. நாலு மடங்கு வாட்ஸுக்குக் கூடுவது 6 டெசிபல்தான். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்றவே சுமார் 10 வேண்டும். குவார்ட்டர்ஸ் ஹாலில் சாதாரணமாகக் கேட்க ஓரிரு வாட்ஸே போதும். ஆனால் தவில் அடி விழும் கணத்தில் பல மடங்கு தேவை. அங்கேதான் சின்ன ஆம்ப் திணறி, அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. கரகரப்பு அதுதான்.

புது ஆம்ப் வாங்குவதானால் ‘கிளாஸ் ஏ’ வகைமேல் ஆசை வேண்டாம். பாட்டே ஓடாவிட்டாலும் சூடு கக்கும்; நெய்வேலி மே மாதத்தில் அது வேறா? எதை வாங்கினாலும் மூடிய ஷோகேஸில் வைக்காதீர்கள், மேல்துளைகளில் படியும் தூசியைத் துடையுங்கள்.

ஆனால் முதலில் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது அதே வாட்ஸுக்கு அது எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 87 டெசிபலுக்குப் பதில் 93 உள்ள ஜோடி கிடைத்தால், பழைய 50 வாட்ஸே 200-இன் வேலையைச் செய்யும்.