சந்திரகிரிக் கோட்டை: வரலாறும் பாதுகாப்பும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், 15 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் சந்திரகிரி என்னும் ஊர் உள்ளது. திருமலைக்கு வரும் பக்தர்களில் பெரும்பாலோர் இவ்வூரை வண்டியின் சன்னல் வழியே கண்டு கடந்து விடுகின்றனர். விசயநகரப் பேரரசு தன் இறுதிக்காலத்தில் தலைநகராகக் கொண்ட கோட்டை இவ்வூரில்தான் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் அமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பழைய கோட்டை ஒன்றைப் பாதுகாப்பது என்றால் எதனைப் பாதுகாப்பது? அழகிய மாளிகையை மட்டுமா, அல்லது மதில், அகழி, நீர்நிலை, மலை ஆகிய அனைத்தையுமா? சந்திரகிரியின் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகிறது.

இடத்தின் சிறப்பு

கோட்டைகள் எங்கு வேண்டுமானாலும் எழுவதில்லை. சந்திரகிரி, சுவர்ணமுகி ஆற்றுப் பள்ளத்தாக்கில், திருமலைத் தொடருக்குத் தென்மேற்கே அமைந்துள்ளது. தொண்டை மண்டலச் சமவெளியிலிருந்து இராயலசீமையின் மேட்டு நிலத்திற்குச் செல்லும் வழி இப்பக்கமாகவே போகிறது. சந்திரகிரியை அடுத்துள்ள சீனிவாசமங்காபுரத்தின் அருகிலிருந்து திருமலைக்கு ஏறும் பழைய படிவழியும் உண்டு. ஆகவே இக்கோட்டையைக் கைக்கொண்டவர் வணிக வழியையும் யாத்திரை வழியையும் ஒருங்கே கண்காணிக்க முடிந்தது.

இவ்விடத்திற்கேற்பக் கோட்டையும் இரு பகுதிகளாக அமைந்தது. பாறைக் குன்றின் மேல் உள்ளது மேற்கோட்டை. அது காவலுக்கும் இறுதிப் புகலிடத்திற்கும் உரியது. குன்றின் அடியில் உள்ளது கீழ்க்கோட்டை. பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய மதிலும், அதனைச் சூழ்ந்த அகழியும் அதற்கு அரண். அரண்மனைகளும் கோயில்களும் இம்மதிலுக்குள்ளேயே இருந்தன. குன்று, மதில், அகழி, குளம் ஆகிய யாவும் ஒன்றையொன்று சார்ந்தவை. குன்றின்றி மதிலுக்கு வலிமையில்லை. நீரின்றி முற்றுகையைத் தாங்க இயலாது.

ஆட்சி மாற்றங்கள்

கோட்டையின் தோற்றத்தை யாதவராயர்களுடன் இணைத்து, ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறுவது மரபு. யாதவராயர்கள் பிற்காலச் சோழர்களுக்கு அடங்கிய குறுநில மன்னர்கள். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் அவர்களைப் பற்றிப் பேசுகின்றன. அக்கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன என்பது தமிழ் மாணவர் கருதத்தக்கது.

14ஆம் நூற்றாண்டில் இப்பகுதி விசயநகரத்தின் கீழ் வந்தது. சந்திரகிரியிலிருந்து அதிகாரம் செலுத்திய சாளுவ நரசிம்மர் 1485இல் பேரரசின் அரியணையையே கைப்பற்றினார். கிருட்டிணதேவராயர் காலத்தில் இக்கோட்டை வேறொரு பணிக்கும் பயன்பட்டது. அரியணைக்கு உரிமை கோரத்தக்க அவருடைய சகோதரர் அச்சுதராயர் இங்குக் காவலில் வைக்கப்பட்டிருந்ததாகப் போர்த்துகீசியரான நூனிசு எழுதியுள்ளார். அச்சுதராயரே 1529இல் பேரரசரானார்.

1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் அழிந்தது. ஆரவீடு மரபினர் முதலில் பெனுகொண்டாவிலும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்திரகிரியிலும், பின்னர் வேலூரிலும் தங்கி ஆண்டனர். 1586 முதல் 1614 வரை ஆண்ட இரண்டாம் வேங்கடபதிராயர் காலத்தில் சந்திரகிரி புகழின் உச்சியில் இருந்தது. அவரது அவைக்கு ஏசுசபைப் பாதிரிமார் வந்தனர். அவர்கள் எழுதிய மடல்கள் இன்று வரலாற்றுச் சான்றுகளாக விளங்குகின்றன.

1646இல் கோல்கொண்டாப் படையிடம் கோட்டை வீழ்ந்தது. 1758இல் ஆர்க்காட்டு நவாபின் சகோதரர் அப்துல் வகாப் கான் இதனைத் தம் வசம் வைத்திருந்தார். அதன் வலிமையால் திருப்பதியின் பாதுகாவலர் என்னும் உரிமையையும் மேற்கொண்டார். வழியைக் காப்பவருக்கே கோயில் நகரமும் உட்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1782இல் ஐதர் அலி கோட்டையைக் கைப்பற்றினார். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை அது மைசூரின் கீழ் இருந்தது. அதன்பின் அதன் இராணுவப் பயன் முடிவுற்றது.

சென்னைக் கொடை: மரபும் ஆவணமும்

சென்னை நகரம் தோன்றக் காரணமான 1639ஆம் ஆண்டுக் கொடை, சந்திரகிரியின் இராஜ மகாலிலேயே கையொப்பமானது என்ற செய்தி பரவலாக வழங்குகிறது. மாணவர் இதனை ஆராய்ந்து ஏற்றல் வேண்டும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிசு டேக்குக் கொடை அளித்தவர், வந்தவாசியிலிருந்து கடற்கரைப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். அவருக்கு மேலதிகாரம் உடையவர் அந்நாளைய விசயநகர மன்னர் மூன்றாம் வேங்கடபதிராயர். அவருக்குப் பின் வந்த சீரங்கராயர் 1645இல் அக்கொடையை உறுதிப்படுத்தினார். எனவே சந்திரகிரி அரசுக்கும் சென்னையின் தோற்றத்திற்கும் தொடர்பு உண்டு என்பது உறுதி. கையொப்பம் இம்மண்டபத்தில்தான் இடப்பட்டது என்பதை மரபுச் செய்தி என்ற அளவில் கொள்வதே முறை. நினைவுச் சின்னத்தின் பெருமையை மெய்ப்பிக்க மிகைக்கூற்று தேவையில்லை.

இராஜ மகாலின் சிறப்பு

ஹம்பிக்குச் செல்வோர் அங்கு விசயநகர மன்னர் வாழ்ந்த அரண்மனைகளின் கல் அடித்தளங்களையே காண்பர். மேற்பகுதிகள் பெரிதும் மரத்தாலானவை. ஆதலால் அவை அழிந்தொழிந்தன. சந்திரகிரியின் இராஜ மகாலோ மூன்று அடுக்குகளுடன் நிற்கிறது. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றைக் கொண்டு, மரம் பயன்படுத்தாமல் கட்டப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம் எனலாம். வளைவுகளில் இசுலாமியக் கட்டடக் கலையின் சாயலும், மேலுள்ள கோபுரங்களில் கோயிற் கலையின் சாயலும் தெரிகின்றன. போர்க்களத்தில் பகைவராயிருந்தோர் கட்டடக் கலையில் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டனர் என்பதை இது காட்டுகிறது. சென்னையில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசோம் 19ஆம் நூற்றாண்டிலேயே இம்மாளிகையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இராஜ மகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அருகிலுள்ள இரண்டடுக்குக் கட்டடம் இராணி மகால் என வழங்கினும், அது படைத்தலைவரின் இருப்பிடமாக இருந்திருக்கலாம் எனவும் கருதப்படுகிறது.

சட்டமும் ஊர் மக்களும்

கலைச் சிறப்புடைய சின்னங்களைக் காத்தல் அரசின் கடமை என அரசியலமைப்பின் 49ஆம் பிரிவும், நம் பண்பாட்டு மரபைப் போற்றுதல் குடிமக்களின் கடமை என 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51அ பிரிவும் கூறுகின்றன. இவற்றிற்குச் செயல்வடிவம் தருவது 1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம். 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதற்பகுதியில் புதிய கட்டடம் எழுப்ப இயலாது. இரண்டாவதில் முன் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மீறுவோருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இவ்விதியின் சுமை கோட்டையைக் காண வருபவர் மீது விழுவதில்லை; கோட்டையருகே தலைமுறையாக வாழ்பவர் மீதே விழுகிறது. கூரை ஒழுகும் வீட்டுக்காரருக்குத் தம் வீட்டைப் பழுதுபார்க்கக்கூட வழியில்லை என்ற எண்ணம் ஏற்படுமாயின், கோட்டை அவருக்குப் பகையாகிவிடும். உண்மையில், 1992 சூன் 16ஆம் நாளுக்கு முன்பிருந்த கட்டடங்களைப் பழுதுபார்க்கத் தடைப்பகுதியிலும் அனுமதி கோரலாம். இதனை மக்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைத்து, விண்ணப்பத்திற்கு உதவி, காலம் தாழ்த்தாமல் தீர்வு காண்பது ஊராட்சி, வருவாய்த் துறை அலுவலர்களின் பொறுப்பு. தடையை மட்டும் அறிவித்து வழியை அறிவியாமல் விடுவது, மறைமுகமான ஆக்கிரமிப்பை வளர்க்கும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, நீர் வழிகள் கவனிக்கப்பட வேண்டும். அகழியும் குளமும் தூர்ந்தால் மழைநீர் மதிலின் அடியில் தேங்கி அதனைத் தளர்த்தும். கோட்டை கட்டியவர்கள் அறிந்த இவ்வுண்மையைச் சாலையும் சாக்கடையும் அமைக்கும் பொறியாளரும் அறிதல் வேண்டும். இரண்டாவதாக, பழைய செங்கற் சுவரைச் சிமெண்டால் பூசுதல் ஆகாது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியேற விடும். சிமெண்ட் அதனை உள்ளே அடைத்துச் செங்கல்லை உதிரச் செய்யும். மூன்றாவதாக, மதிலிடுக்கில் முளைக்கும் ஆலும் அரசும் சிறு செடியாக இருக்கும்போதே அகற்றப்பட வேண்டும். வேர் பருத்தபின் அதனைப் பிடுங்கினால் கல்லும் உடன் வரும். நான்காவதாக, திருமலைக்கு வரும் யாத்திரிகருள் ஒரு சிறு பகுதியினரேனும் இங்கு அரைநாள் தங்கினால் ஊராரின் வாழ்வுக்கு அது துணையாகும். கோட்டையால் பயன் பெறும் ஊரே கோட்டைக்குச் சிறந்த காவல்.

மாளிகை ஒன்று மட்டும் நின்று, மதிலும் அகழியும் குளமும் மறையுமாயின், அழகிய கட்டடம் ஒன்று எஞ்சுமேயன்றிக் கோட்டை எஞ்சாது. ஒரு பேரரசு ஏன் இங்கு வந்து தங்கியது என்பதை வருங்கால மாணவன் அக்கட்டடத்தைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. குன்றையும் நீரையும் வழியையும் ஊரையும் சேர்த்துக் காப்பதே சந்திரகிரியைக் காப்பதாகும்.