கூண்டுக் கோழியும் சத்துணவு முட்டையும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

முட்டை என்றதும் நம் நினைவுக்கு வரும் ஊர் நாமக்கல். தமிழகத்துப் பள்ளிகளின் சத்துணவுக்கும் அண்டை மாநிலமான கேரளத்துக்கும் முட்டை அனுப்பும் பெரும் கோழிப்பண்ணை வட்டாரம் அது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில், 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010 முதல் பள்ளி வாரத்தின் ஐந்து நாள்களும் முட்டை என்றானது. தேவாரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை நான்; எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பத்தாம் வகுப்பு வரை என் உடம்புக்கு வலுவூட்டியதில் அந்த முட்டைக்குப் பெரும் பங்குண்டு. ஆதலால், முட்டையை இட்ட கோழி எவ்வாறு வாழ்கிறது என்று அறிவது என் கடமை எனக் கருதுகிறேன்.

கோழியின் இயல்பு

வீட்டுக் கோழியின் முன்னோர் செங்காட்டுக்கோழி. நம் மலைச் சரிவுகளில் காணும் சாம்பல் காட்டுக்கோழி அதற்கு நெருங்கிய உறவு. செங்காட்டுக்கோழி ஆண்டொன்றுக்குச் சுமார் 10 முதல் 15 முட்டைகளே இடும். பண்ணைகளில் வளரும் இன்றைய லேயர் கோழியோ 300-க்கும் மேல் இடுகிறது. முட்டையின் எண்ணிக்கை மாறிற்றே தவிர, கோழியின் குணம் மாறவில்லை. முட்டையிடும் நேரத்தில் அது கேறிக்கொண்டே மறைவிடம் தேடுவதையும், காலால் கிளறி இரை பொறுக்குவதையும், புழுதியில் புரண்டு குளிப்பதையும், இருட்டியதும் உயரத்தில் ஏறி அடைவதையும் நம் ஊர்ப் பெண்கள் அனைவரும் அறிவர். இவை கோழி கற்றுக்கொண்டவை அல்ல. பிறவியிலேயே வந்த உந்துதல்கள்.

கூண்டு முறை

பண்ணைகளில் கம்பிக் கூண்டுகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒரு கூண்டில் சில கோழிகள் அடைபட்டிருக்கும். முன்னே தீவனத் தொட்டியும் நீரும் உண்டு. எச்சம் கீழே விழும். முட்டை சரிவில் உருண்டு வெளியே வரும். வேலைக்கு எளிது. ஆனால் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பல பண்ணைகளில் சுமார் 400 முதல் 450 சதுர சென்டிமீட்டர்தான். நாம் தேர்வு நேரத்தில் எழுதும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்டிமீட்டர். அத்தாளின் முக்கால் பங்கில் ஓர் உயிர் ஓராண்டுக்கு மேல் நிற்கிறது. சிறகை முழுதும் விரிக்க வழியில்லை. மண்ணே இல்லாத கம்பித் தரையிலும் கோழி புழுதிக் குளியல் அசைவுகளைச் செய்து பார்ப்பதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இயல்பூக்கம் கூண்டுக்குள்ளும் சாவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

உடல் படும் பாடு

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 300 முட்டைக்கு 600 கிராம்! கோழியின் மொத்த எடையே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான். தீவனத்தில் கிளிஞ்சல் சேர்த்தாலும், ஓடு உருவாகும் இரவு நேரத்தில் எலும்பிலிருந்தும் கால்சியம் எடுக்கப்படுகிறது. நடமாட்டமும் இல்லாததால் எலும்பு மேலும் நலிகிறது. கூண்டிலிருந்து எடுக்கும்போதே சில கோழிகளுக்கு எலும்பு முறிவது இதனால்தான். ஒன்றையொன்று கொத்தாமலிருக்க, குஞ்சிலேயே அலகு நுனியைச் சூடான தகட்டால் வெட்டுகின்றனர். நரம்புகள் நிறைந்த பகுதி அது.

மறுபக்கமும் காண்போம்

ஒருதலையாகப் பேசுவது அறிவியல் ஆகாது. கூண்டில் கோழி எச்சத்திலிருந்து விலகியிருப்பதால் இரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் குறைகின்றன. ஆழ்கூள முறையில் கூட்டம் மிகுந்தால் ஒன்றையொன்று கொத்திக் கொல்வதும் உண்டு. முற்றத்தில் திரியும் நாட்டுக்கோழிக்குக் கீரியும் பருந்தும் பகை. வெள்ளைக்கழிச்சல் வந்தால் பஞ்சாரமே காலியாகும். மேலும் பண்ணையாளர் தீவன விலைக்கும் முட்டை விலைக்கும் இடையே தவிப்பவர். அவரைக் கொடியவர் என்று சொல்லி முடித்துவிட்டால் கோழிக்கு ஒரு நன்மையும் விளையாது.

சட்டம் சொல்வது

நடமாடப் போதிய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். நாம் நன்கறிந்த சல்லிக்கட்டு வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம் விலங்குகளுக்குரிய ஐந்து சுதந்திரங்களை எடுத்துரைத்தது. பசி தாகமின்மை, வசதிக் குறைவின்மை, நோய் வலியின்மை, அச்சமின்மை, இயல்பாக நடந்துகொள்ளும் உரிமை என்பனவே அவை. பின்னர் சட்டத் திருத்தத்தால் சல்லிக்கட்டு மீண்டது. 2023-இல் நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. காளைக்காகத் தமிழகமே பேசியது. கோழிக்காகப் பேசியவர் சிலரே. இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் தன் 269-ஆம் அறிக்கையில் முட்டைக் கோழிகளுக்குத் தனி விதிகள் வேண்டுமென்றது. 2019-இல் வந்த வரைவு விதிகள் கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் என முன்மொழிந்தன. ஐரோப்பிய ஒன்றியமோ வெறுங்கூண்டுகளை 2012 முதல் தடை செய்து, 750 சதுர சென்டிமீட்டர் இடத்தோடு முட்டையிட மறைவிடமும் ஏறி அமரக் கம்பும் உள்ள கூண்டுகளையே அனுமதித்தது.

செய்யத்தக்கவை

முட்டையை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நட்டம் ஏழைப் பிள்ளைக்கு. ஆனால் பிள்ளையின் பசியைக் காட்டி, கோழியின் வதையை நிலையாக்குவதும் முறையன்று. மறைவிடம், கம்பு, கிளற மண், கூடுதல் இடம் ஆகிய நான்கும் எட்டாத விஞ்ஞானம் அல்ல. இவற்றால் முட்டை விலை சற்றே உயரும். அவ்வுயர்வைப் பண்ணையாளர் தலையில் மட்டும் கட்டாமல், சத்துணவுக்காகப் பெருமளவில் கொள்முதல் செய்யும் அரசே தன் ஒப்பந்த விலையில் ஏற்கலாம். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இத்தகைய கொட்டகைகளின் செலவையும் பயனையும் நம் வெயிலுக்கேற்ப அளந்து காட்ட அதைவிடத் தக்க இடம் ஏது?

விலங்கியல் பயிலும் நண்பர்களே! கோழியை அறுத்துக் குடலையும் இதயத்தையும் படம் வரையக் கற்றோம். அது உயிரோடிருக்கும்போது எதை விரும்புகிறது, எதற்கு வருந்துகிறது என்பதையும் கற்றால்தான் நம் படிப்பு முழுமை பெறும். ஊட்டி வளர்த்த உயிருக்கு ஒரு சாண் இடம் கூட்டிக் கேட்பது பெரிய கோரிக்கை அன்று.