அழைத்தவர் யார்? இணையவழித் தொலைபேசியில் எண் தெரியச் செய்யும் முறை

ஒன்றிய அலுவலகங்கள் சிலவற்றில் பழைய தொலைபேசிகளுக்குப் பதிலாக இணையவழித் தொலைபேசிகள் மேசைதோறும் அமைந்துள்ளன. வெளியிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியை உள்ளேயுள்ள இவ்வலையோடு சேர்த்து வைப்பது ‘கேட்வே’ எனப்படும் சிறு பெட்டியாகும். கம்பி வழி வரும் மின் குரலை இணையத்துக்குரிய சிறு சிறு பொட்டலங்களாக மாற்றுவதும், அவ்வாறு வரும் பொட்டலங்களை மீண்டும் குரலாக்கிக் கம்பியில் செலுத்துவதும் இதன் தொழில். இப்பெட்டியைப் பொருத்த வருவோர் பேச்சுத் தெளிவாகக் கேட்கின்றதா என்று மட்டும் சோதித்துக் கையெழுத்துப் பெற்றுச் சென்றுவிடுகின்றனர். அழைப்பவரின் எண் திரையில் தெரிகின்றதா என்று பார்ப்பவர் அரியர்.

இது சிறிய குறை போலத் தோன்றும். ஐப்பசி மழையில் ஓரிரவு, ஏரிக்கரையில் கசிவு கண்டதாக ஒருவர் அலுவலகத்தை அழைக்கின்றார் எனக் கொள்வோம். ஊர்ப் பெயரைச் சொல்லி முடிக்குமுன் இணைப்பு அறுந்துவிடுகின்றது. இரவுக் காவலர் திரையை நோக்குகின்றார். அங்கே அழைத்தவரின் எண் இல்லை. அலுவலகத்தின் சொந்தக் கம்பிக்குரிய எண்ணே நிற்கின்றது. ஒன்றியத்தில் ஏரிகள் பல. எந்தக் கரைக்கு மணல் மூட்டைகளை அனுப்புவது? பெட்டியில் இரண்டு மூன்று அமைப்புகளைச் சரியாக வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆதலின் ஊராட்சித் தலைவர்களும் அலுவலகப் பணியாளர்களும் இம்முறையைத் தாமே அறிந்திருத்தல் நலம்.

முதலாவதாக, எண் எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை அறிய வேண்டும். சாதாரணக் கம்பியில் அழைப்பவரின் எண் இரு வேறு வகைகளில் அனுப்பப்படுகின்றது. ஒன்று, எப்.எஸ்.கே. எனப்படும் முறை. இதில் இரண்டு சுருதிகளை மாறி மாறி ஒலிக்கச் செய்து, வினாடிக்கு 1200 குறிகள் வீதம் செய்தி அனுப்புவர். அமெரிக்காவில் ‘பெல் 202’ என்னும் தரப்படி இச்சுருதிகள் 1200, 2200 ஹெர்ட்ஸ் ஆகும். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடைப்பட்ட அமைதியில் செய்தி வருகின்றது. பிரிட்டனில் ‘வி. 23’ என்னும் தரம் வழங்குகின்றது. சுருதிகள் 1300, 2100 ஹெர்ட்ஸ். மணி அடிக்கும் முன்பே செய்தி வந்துவிடுகின்றது. இம்முறையில் எண்ணோடு நாள், நேரம், சில இடங்களில் பெயர் ஆகியவற்றையும் அனுப்ப இயலும்.

மற்றொன்று டி.டி.எம்.எப். முறை. நாம் தொலைபேசிப் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் அதே இரட்டை ஒலிதான் இது. அழைப்பவரின் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைபேசி நிலையமே விரைந்து ஒலித்துக் காட்டுகின்றது. எண்ணைத் தவிர வேறெதையும் இதனால் சொல்ல இயலாது. டென்மார்க், சுவீடன், ஹாலந்து ஆகிய நாடுகளில் இது வழங்கியது. நம் நாட்டிலும் செப்புக்கம்பி இணைப்புகள் பலவற்றில் இம்முறையே உள்ளது. கம்பியின் மின்முனைகளை ஒரு முறை மாற்றி, ‘எண் வருகின்றது’ என்று அறிவித்து, முதல் மணிக்கு முன்பே எண்ணைத் தந்துவிடுவர்.

வெளிநாட்டில் செய்யப்படும் கேட்வேக்கள் பலவும் அமெரிக்க முறைக்கேற்பவே வைக்கப்பட்டு வருகின்றன. அவை முதல் மணிக்குப் பின்னர் எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. எண்ணோ மணிக்கு முன்பே வந்து போய்விட்டது. இரயில் சென்ற பின் நிலையத்தில் நிற்கும் பயணியின் நிலைதான் அப்பெட்டிக்கு! எண் கிடைக்காத பெட்டி வெற்றிடத்தை நிரப்புவதற்காகத் தன் சொந்தப் பெயரையோ கம்பியின் எண்ணையோ உள்ளே அனுப்பிவிடுகின்றது. இரவுக் காவலர் கண்டது அதுவே.

சோதனையை எங்கே தொடங்குவது? பெட்டியில் அன்று, கம்பியில். எண் காட்டும் திரையுடைய சாதாரணத் தொலைபேசி ஒன்றைக் கம்பியில் நேரே செருகி, கைப்பேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். அதிலும் எண் தெரியவில்லையெனில் அந்த வசதி இணைப்பில் திறக்கப்பட்டிருக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியதுதான். இதைச் செய்யாமல் நாள் முழுதும் பெட்டியின் அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பவர்களை நான் கண்டிருக்கின்றேன். எண் தெரிகின்றதெனில், முதல் மணிக்கு முன்பே திரையில் தோன்றுகின்றதா, பின்னர்த் தோன்றுகின்றதா என்று கூர்ந்து கவனியுங்கள். முன்னே தோன்றினால் டி.டி.எம்.எப். ஆக இருக்கக்கூடும், நாளும் நேரமும் கூடவே வந்து தொலைபேசியின் கடிகாரம் தானே திருத்திக்கொண்டால் எப்.எஸ்.கே. என்பது தெளிவு.

இனிப் பெட்டிக்கு வருவோம். கணினியில் இணைய உலாவியைத் திறந்து, பெட்டியின் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் அமைப்புப் பக்கங்கள் தோன்றும். வெளிக்கம்பி செருகப்படும் துளை ‘எப்.எக்ஸ்.ஓ.’ என்றும், சாதாரணத் தொலைபேசி செருகப்படும் துளை ‘எப்.எக்ஸ்.எஸ்.’ என்றும் குறிக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டுக்கும் தனித்தனியே ‘காலர் ஐ.டி. ஸ்கீம்’ என்னும் அமைப்பு உண்டு. முன்னதில், கம்பி எம்முறையில் எண்ணைத் தருகின்றதோ அம்முறையை வைக்க வேண்டும். பின்னதில், நம் தொலைபேசிக் கருவி எம்முறையைப் புரிந்துகொள்ளுமோ அதை வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இதை மறந்து, வெளித்துளைக்கு வைத்ததையே உள்துளைக்கும் வைத்துவிட்டு, ‘பெட்டி பழுது’ என்று திருப்பி அனுப்பியோர் உளர்.

அடுத்தது, எத்தனை மணிக்குப் பின் பெட்டி அழைப்பை ஏற்பது என்னும் அமைப்பு. எப்.எஸ்.கே. முறையில் எண் மணிகளுக்கிடையே வருவதாயின் இதை 2 என்று வைத்தல் வேண்டும். 1 என்று வைத்தால், எண் வருமுன்பே பெட்டி கம்பியை எடுத்துவிடும். எடுத்த பின் நிலையம் எண்ணை அனுப்பாது. எண் மணிக்கு முன்பே வரும் கம்பிகளில் இந்தக் காத்திருப்புத் தேவையில்லை. 1 என்றே வைக்கலாம்.

எண் வருகின்றது, ஆனால் ஓர் இலக்கம் குறைகின்றது என்னும் முறையீடும் உண்டு. முதல் இலக்கம் விடுபடுமாயின் பெட்டி தாமதமாகக் கேட்கத் தொடங்குகின்றது என்று ஐயுறலாம். நடுவில் விடுபடுமாயின் ஒலி மெலிந்து வருகின்றது எனலாம். நெடுந்தொலைவு வரும் கம்பிகளில் இது நேர்வதுண்டு. வெளித்துளையின் ஒலியளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரேயடியாகக் கூட்டினால் பேச்சில் எதிரொலி தோன்றும்.

கம்பியிலிருந்து பெற்ற எண்ணைப் பெட்டி உள்வலைக்குச் சொல்ல வேண்டுமே, அது எவ்வாறு? இணையவழித் தொலைபேசிகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் மொழிக்கு ‘சிப்’ என்று பெயர். ஒவ்வோர் அழைப்பும் ஒரு கடிதம் போன்றது. அதன் தலைப்பில் ‘ப்ரம்’ என்னும் வரி, அனுப்புநர் முகவரியைக் குறிப்பது. 2002ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மற்றொரு வரி ‘பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி’ என்பது. ஒருவரையொருவர் நம்பும் நிலையங்கள் ‘இவர் இன்னார்தாம்’ என்று உறுதி கூறிக்கொள்ளப் பயன்படுவது. கடிதத்தில் எவரும் எந்த அனுப்புநர் பெயரையும் எழுதிவிடலாம். அஞ்சலகமே சான்று கூறி முத்திரை வைத்தால் அதன் மதிப்பு வேறன்றோ? பெட்டியில் ‘காலர் ஐ.டி. டிரான்ஸ்போர்ட்’ என்றோ அதையொத்த பெயரிலோ ஓர் அமைப்பு இருக்கும். எண்ணை எவ்வரியில் வைத்து அனுப்புவது என்பதை அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய அலுவலகத்துக்குப் பெரும்பாலும் ‘ப்ரம்’ வரியே போதும். உள்ளேயிருக்கும் இணைப்பகம் மற்ற வரியை நோக்குமாறு அமைந்திருப்பின், பெட்டியிலும் அதையே வைக்க வேண்டும்.

எண் திரையில் தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததென எண்ணலாகாது. திரையில் கண்ட எண்ணை அழுத்தி மீண்டும் அழைக்க முடிகின்றதா என்றும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஊர்க் குறியீட்டின் முன்னுள்ள பூச்சியத்தை நீக்கிப் பார்த்தால் எல்லா எண்களும் 10 இலக்கம் கொண்டவை. சென்னைக்கு 44 உடன் 8 இலக்கம். மதுரைக்கு 452 உடன் 7 இலக்கம். உலக வழக்கில் இதன் முன் +91 சேரும். அலுவலகத்தில் வெளி இணைப்புப் பெற முதலில் பூச்சியமோ ஒன்பதோ அழுத்தும் வழக்கமிருப்பின், திரையிலுள்ள 10 இலக்கத்தை அப்படியே அழுத்தினால் அழைப்பு வெளியே போகாது. 10 இலக்கம் வந்தால் வெளியிணைப்பு இலக்கத்தைத் தானே சேர்த்துக்கொள்ளுமாறு இணைப்பகத்தில் ஒரு விதி எழுதிவிட்டால் போதும். எண்ணைத் தாளில் எழுதி மீண்டும் அழுத்தும் தொல்லை நீங்கும்.

நாம் வெளியே அழைக்கும்போது மக்களுக்குத் தெரியும் எண் எது என்பது வேறு செய்தி. சாதாரணக் கம்பி வழியே அழைத்தால், பெட்டியில் நாம் எதை எழுதி வைத்தாலும், தொலைபேசி நிலையம் அக்கம்பிக்குரிய எண்ணையே காட்டும். கம்பியின்றி இணையம் வழியாகவே வரும் ‘சிப் டிரங்க்’ இணைப்பில் மட்டும், நாம் எழுதும் எண் வெளியே செல்லக்கூடும். அங்கே நிறுவனம் நமக்கு ஒதுக்கிய எண்ணைத் தவிர வேறு எதையும் எழுதலாகாது. தலைமை அலுவலகத்தின் எண் தெரிந்தால் மக்கள் மதித்து எடுப்பார்களே என்று ஆசைப்பட்டு அதை எழுதுவது குற்றத்தில் கொண்டுபோய் விடும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திரிப்போர்க்கு 3 ஆண்டு வரை சிறையோ 50 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ அல்லது இரண்டுமோ விதிக்கின்றது. பல இடத்து அலுவலகங்களை இணையம் வழி ஒரே கம்பியில் சேர்ப்பதற்கும் விதிகள் உள்ளன. நிறுவனத்திடம் எழுத்து மூலம் இசைவு பெற்ற பின்னரே அதைத் தொட வேண்டும்.

இவ்வளவு கடுமை ஏன்? முதியோர் உதவித்தொகை பெறும் ஒரு மூதாட்டியை அழைத்து, ‘ஒன்றிய அலுவலகத்திலிருந்து பேசுகின்றோம், வங்கிக் கணக்கு எண் சொல்லுங்கள்’ என்று ஏமாற்றுவோர் இருக்கின்றனர். வெளிநாட்டிலிருந்துகொண்டே இந்திய எண்ணைப் போலத் திரையில் தோன்றச் செய்வதும் நடக்கின்றது. இத்தகைய அழைப்புகளைத் தடுப்பதற்கென மத்திய அரசு 2024 அக்டோபரில் தனி ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்காவில் நிலையங்கள் அழைப்பு எண்ணுக்கு மறைக்குறிச் சான்று அளிக்கும் முறையைப் பெரிய நிறுவனங்கள் 2021 ஜூன் 30க்குள் ஏற்க வேண்டுமென விதிக்கப்பட்டது. ஆயினும் திரையில் தெரியும் எண் முழு ஆதாரம் ஆகாது. ஐயத்துக்குரிய அழைப்பு வந்தால் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். கிராம சபைக் கூட்டங்களில் இதைச் சொல்லி வைத்தல் தகும்.

இன்னொன்றும் கூற வேண்டும். எண் தெரிவதால் நன்மை மட்டுமன்று, அச்சமும் உண்டு. ஓடையில் மணல் திருடுவோரைப் பற்றி ஒருவர் இரகசியமாகச் சொல்ல அழைக்கும்போது, வரவேற்பு மேசையில் எல்லோரும் காண அவருடைய எண் ஒளிருமாயின் மறுமுறை அவர் அழைப்பாரா? புகார் பெறும் கருவியை அலுவலரின் அறைக்குள் வைப்பதும், அழைப்புப் பட்டியலைப் பார்க்கும் உரிமையை ஓரிருவருக்கே தருவதும் என் கருத்தில் கட்டாயமானவை. தம் எண்ணை மறைத்து அழைப்பவரின் அழைப்பு ‘பிரைவேட்’ என்ற குறிப்போடு வந்தால், பெட்டி அக்குறிப்பை அப்படியே உள்ளே தர வேண்டும். அங்கே அலுவலக எண்ணை நிரப்பும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவதும், அமைப்புப் பக்கத்தை வெளி இணையத்துக்குத் திறந்து விடாதிருப்பதும் அவசியம். எங்கோ இருக்கும் திருடன் உள்ளே புகுந்து நம் எண்ணிலிருந்தே அயல்நாட்டுக்கு அழைத்தால், கட்டணச் சீட்டு நம் பெயருக்கு வரும்.

செப்புக்கம்பியை நீக்கி ஒளியிழை இணைப்புத் தரும்போது மேற்கூறிய சோதனையை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒளியிழையின் முனையிலுள்ள கருவியே அப்போது எண்ணை ஒலித்துக் காட்டுகின்றது. அது பழைய நிலையத்தின் முறையைப் பின்பற்றும் என்ற உறுதி இல்லை. நேற்று வரை தெரிந்த எண் இன்று மறைந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். எந்த நாளில் எந்த அமைப்பு எப்படி வைக்கப்பட்டது என்பதைத் தாளில் எழுதிப் பெட்டியருகே ஒட்டி வைத்தால், அடுத்து வரும் பணியாளருக்கு அரை நாள் மிச்சம். கடவுச்சொல்லை மட்டும் அத்தாளில் எழுத வேண்டாம்.