கீழே ஒரு விசை, மேலே ஒரு விசை



இந்த முறை அறிவியல் பகுதியில் புவியீர்ப்பு விசையையும், அதை எதிர்த்து மேல்நோக்கித் தாங்குகிற விசைகளையும் பற்றிப் பார்ப்போம். பரீட்சைக்கு வரும் என்பதற்காக மட்டும் இல்லை. நம்ம புதுச்சேரி கடற்கரை ஊர். நம்மில் பல பேர் வீட்டில் யாராவது ஒருத்தர் கடலுக்குப் போறாங்க. அவங்க உயிரைத் தாங்குவது இந்தப் பாடம்தான். அதனால் பெல் அடிப்பதற்குள் கொஞ்சம் நின்று படிச்சிட்டுப் போங்க.

1. எடை என்றால் என்ன?

பூமி எல்லாப் பொருளையும் தன் மையத்தை நோக்கி இழுக்கிறது. கல்லையும் இழுக்கிறது, பூவையும் இழுக்கிறது, நம்மையும் இழுக்கிறது. இந்த இழுவிசைக்குத்தான் எடை என்று பெயர்.

கடையில் ஒரு கிலோ அரிசி வாங்குகிறோமே, அந்தக் கிலோ என்பது நிறை. அந்த ஒரு கிலோவைப் பூமி சுமார் 9.8 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே சரியாகச் சொன்னால் 9.78. வட, தென் துருவங்களில் 9.83.

நம்ம புத்தகப்பை 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5 × 9.8 = 49 நியூட்டன். இந்த அளவு விசையோடு பூமி பையை இழுத்துக்கிட்டே இருக்கிறது. அப்படியானால் பெஞ்சு மேல் வைத்த பை ஏன் கீழே போகவில்லை?

2. தரை தாங்கும் விசை

ஏனென்றால் பெஞ்சு சும்மா இல்லை. அதுவும் 49 நியூட்டன் விசையோடு பையை மேலே தள்ளுகிறது. கீழே 49, மேலே 49. இரண்டும் சமம், திசை மட்டும் எதிர். கூட்டினால் சுழி. அதனால்தான் பை அசையாமல் இருக்கிறது. ஒரு பொருள் அசையாமல் இருந்தால் அதன் மேல் விசையே இல்லை என்று அர்த்தம் இல்லை. விசைகள் சமமாக இருக்கின்றன என்றுதான் அர்த்தம். கடற்கரையில் காந்தி சிலை அத்தனை வருஷமாக நிற்கிறதே, அதன் எடைக்குச் சமமான விசையைப் பீடம் ஒவ்வொரு நொடியும் மேலே கொடுத்துக்கிட்டே இருக்கிறது.

அந்த மேல்விசை குறைந்தால் என்ன ஆகும்? அதற்கும் நம்ம கடற்கரையிலேயே உதாரணம் இருக்கு. 1962-இல் கட்டிய பழைய துறைமுகப் பாலம் கடலுக்குள் தூண்கள் மேல் நின்றது. 2022 மார்ச் மாதம் கடல் சீற்றத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அன்றைக்குப் புவியீர்ப்பு விசை ஒன்றும் கூடிவிடவில்லை. அறுபது வருஷமாக அதே அளவுதான் இழுத்தது. தாங்குகிற தூண்களின் பலம்தான் போய்விட்டது.

3. தண்ணீர் தாங்கும் விசை

தரை கெட்டியானது, தாங்குகிறது, சரி. தண்ணீர் எப்படித் தாங்கும்?

தொட்டிக்குள் குடத்தை முக்கித் தூக்கிப் பாருங்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக இருக்கும். வெளியே வந்ததும் கை வலிக்கும். தண்ணீரில் ஆழம் போகப்போக அழுத்தம் கூடும். அதனால் ஒரு பொருளின் அடிப்பக்கத்தில் மேல்நோக்கித் தள்ளும் விசை, மேல்பக்கத்தில் கீழ்நோக்கி அழுத்தும் விசையைவிட அதிகம். மிச்சப்படுவதுதான் மேல்நோக்கு விசை. மிதப்பு விசை என்றும் சொல்வார்கள்.

அது எவ்வளவு என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் சொல்லிவிட்டார். பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடைதான் மேல்நோக்கு விசை. பொருளின் எடை அதைவிட அதிகம் என்றால் மூழ்கும். இல்லையென்றால் மிதக்கும்.

4. கட்டுமரமும் ஃபைபர் போட்டும்

இப்போது நம்ம கடலுக்கு வருவோம். ஒரு கட்டுமரத்தின் கட்டைகள் எல்லாம் சேர்ந்து அரை கன மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

ஒரு கன மீட்டர் கடல்நீர் 1025 கிலோ. அரை கன மீட்டர் சுமார் 512 கிலோ. லேசான மரம் ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ என்றால் கட்டைகளின் நிறை 200 கிலோ. ஆக 512 – 200 = 312 கிலோ. ஆள், வலை, மீன் எல்லாம் சேர்த்து இவ்வளவு ஏற்றும்வரை மரம் முழுசாக அமுங்காது.

ஆனால் மரம் தண்ணீர் குடிக்கும். ஊறிப்போய் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ ஆகிவிட்டால் கட்டைகள் 300 கிலோ. அப்போது 212 கிலோதான் ஏற்ற முடியும். 100 கிலோ போச்சு! கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக வெயிலில் காயப்போடுவது இதற்காகத்தான். ஆர்க்கிமிடீஸைப் படிக்காமலே நம்ம பெரியவங்க இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். மரம் கவிழ்ந்தாலும் கட்டை மூழ்காது. பிடித்துக்கொள்ளலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் போட்டுகள் நிறைய வந்தன, கட்டுமரம் குறைந்துவிட்டது. ஃபைபர் போட்டு வேகமாகப் போகும், தூரம் போகும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஃபைபர் என்ற பொருள் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு கன மீட்டருக்கு சுமார் 1500 கிலோ. போட்டு மிதப்பது நடுவில் குழிவாக, காற்று இருப்பதால்தான். அந்தக் குழியில் தண்ணீர் நிறைந்தால் போட்டு தானாக மிதக்காது. அதனால்தான் சில போட்டுகளில் முன்னும் பின்னும் அறை மாதிரி செய்து தெர்மாகோல் அடைத்து மூடியிருக்கிறார்கள். 100 லிட்டர் தெர்மாகோல் சுமார் 100 கிலோவைத் தாங்கும். அந்த அறையில் ஓட்டை விழுந்தால் உடனே அடைக்கணும். தெர்மாகோலை எடுத்துவிட்டு அங்கே சாமான் வைக்கக் கூடாது.

செய்து பாருங்கள்

ஒரு வாளித் தண்ணீர், ஒரு எவர்சில்வர் கிண்ணம், ஒரு மரத்துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மிதக்கவிடுங்கள். பிறகு இரண்டின் மேலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். கிண்ணம் நிறைந்து அடியில் போய்விடும். மரத்துண்டு ஆடிவிட்டு மறுபடி மேலே வரும். கிண்ணம்தான் ஃபைபர் போட்டு, மரத்துண்டுதான் கட்டுமரம்.

5. லைஃப் ஜாக்கெட் கணக்கு

எங்க சித்தப்பா கடலுக்குப் போகிறவர். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டில் தலைக்கு வைத்துப் படுத்துக்குவார். "போட்டா வேர்க்குதும்மா, வலை இழுக்க முடியல"ன்னு சொல்வார். நான் இந்தக் கணக்கைத்தான் அவரிடம் போட்டுக் காட்டினேன்.

நம்ம உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். அதனால் முழுசாக முங்கியிருந்தால் தண்ணீர் நம்மை ஏறக்குறைய தாங்கிவிடும். ஆனால் மூச்சு விடத் தலை வெளியே இருக்கணுமே! தலை சுமார் 5 கிலோ. வெளியே வந்த தலையைத் தண்ணீர் தாங்காது. நீந்துகிறவரை கைகால்தான் தாங்கும். கை ஓய்ந்தால்? 100 நியூட்டன் லைஃப் ஜாக்கெட் சுமார் 10 கிலோவை மேலே தள்ளும். 150 நியூட்டன் என்றால் சுமார் 15 கிலோ. தேவை 5, கிடைப்பது 10. ஆள் மயங்கினால்கூட அந்த விசை ஓயாது. ஆனால் உடம்பில் கட்டியிருந்தால்தான். தலைக்கு வைத்தால் அது வெறும் தலையணைதான். சித்தப்பா பதில் சொல்லவில்லை, ஆனால் எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

நமக்கும் ஒரு விஷயம். கடலில் யாராவது தத்தளித்தால் நாம் குதிக்கக் கூடாது. சத்தம் போட்டுப் பெரியவங்களைக் கூப்பிடணும். இறுக்கமாக மூடிய 5 லிட்டர் காலி கேன் கிடைத்தால் கயிறு கட்டி எறியலாம். அது ஏறக்குறைய 5 கிலோவைத் தாங்கும். ஒரு தலைக்கு அது போதும்.

உங்களுக்குத் தெரியுமா?

ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்கிறார்களே, அது நம்ம 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்தான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697-இல் வெளிவந்த தன் பயணப் புத்தகத்தில் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார்.

யோசித்து விடை எழுதுங்கள்

1. ஒரே படகு, ஒரே சுமை. ஆற்றில் அதிகம் அமுங்குமா, கடலிலா?
2. ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது. ஏன்?
3. 20 லிட்டர் காலி கேன் இரண்டை மூடிக் கட்டினால் சுமார் எத்தனை கிலோவைத் தாங்கும்?

விடையை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்பு போட்டு, இதழுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடுங்கள். சரியான விடை எழுதியவர்கள் பெயர் அடுத்த இதழில் வரும். மூன்றாவது கேள்வியை மட்டும் வீட்டில் கடலுக்குப் போகிறவங்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி